அன்றாடம் மறைத்து எடுத்துச் செல்ல ஒரு சின்ன ரிவால்வர்: அமெரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிரீன் கார்டோ குடியுரிமையோ கைக்கு வந்த பிறகு, "பாதுகாப்புக்குக் கையடக்கமா ஒரு ரிவால்வர் வாங்கி வெச்சுக்கலாமா?" என்ற யோசனை நம்மவர்களில் பலருக்கு வருகிறது. கடையில் கேட்டால், "ரொம்ப சிம்பிள், ட்ரிகரை இழுத்தால் வெடிக்கும்" என்பார்கள். வெடிக்கும்தான். எங்கே படும் என்பது வேறு கதை. சின்ன ரிவால்வர் சுமப்பதற்கு எளிது, சுடுவதற்குக் கடினம். கீழே உள்ள பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான் வரும். சட்ட விஷயங்களில் டெக்சாஸையே அதிகம் சொல்லியிருக்கிறேன். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் தங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா?

பொதுவாகக் கூடாது. எச்1பி, எச்4, எல்1, எஃப்1 போன்ற தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கவே கூடாது என்கிறது மத்தியச் சட்டம். வாங்குவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதும் குற்றம்தான். ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் கூடத்தில், நண்பரின் துப்பாக்கியை வாங்கி நாலு ரவுண்டு சுடுவதும் இதில் மாட்டும். விதிவிலக்குகளில் முக்கியமானது, ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ். அதை எடுத்துக்கொண்டு சட்டப்படியே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் லைசன்ஸ் காலாவதியான மறுநாளே நீங்கள் குற்றவாளி. குடியேற்ற விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது இந்த விஷப்பரீட்சை எதற்கு? கிரீன் கார்டு வரும்வரை பொறுங்கள் என்பதே என் கருத்து.

கிரீன் கார்டு இருந்தால் தடையில்லை. டீலரிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். 4473 என்ற படிவத்தை நிரப்பினால் பின்னணிச் சோதனை நடக்கும். கஞ்சா பயன்படுத்துவது உண்டா என்று அதில் ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் மாநிலம் அனுமதித்திருந்தாலும் மத்தியச் சட்டத்துக்கு அது கணக்கில்லை என்று படிவத்திலேயே அச்சிட்டிருப்பார்கள்.

எச்1பி-யில் இருக்கும் நண்பருக்காக என் பெயரில் வாங்கித் தரலாமா?

கூடாது. இன்னொருவருக்காக, உங்களுக்கே என்று படிவத்தில் சொல்லி வாங்குவது மத்தியக் குற்றம், சிறைத் தண்டனைக்குரியது. மனைவிக்குக் கிரீன் கார்டு, கணவருக்கு எச்1பி என்று இருக்கும் வீடுகளில், பெட்டியின் சாவியும் ரகசிய எண்ணும் மனைவியிடம் மட்டும் இருக்கட்டும். இருவருக்கும் எட்டும் அலமாரியில் வைத்தால் கணவரும் "வைத்திருந்ததாக" வழக்கு வரலாம். வாங்குவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

மறைத்து எடுத்துச் செல்ல பெர்மிட் வேண்டுமா?

மாநிலத்தைப் பொறுத்தது. 2024 கணக்குப்படி 29 மாநிலங்களில் பெர்மிட் இல்லாமலே எடுத்துச் செல்லலாம். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல் அப்படித்தான். நியூயார்க், நியூ ஜெர்சி, கலிபோர்னியாவில் பெர்மிட் கட்டாயம். 2022-ல் புரூயன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, "உனக்கு மட்டும் என்ன தனித் தேவை?" என்று கேட்டு மறுக்க முடியாது. மற்றபடி கெடுபிடி அப்படியேதான் இருக்கிறது.

டெக்சாஸில் இருந்தாலும் பெர்மிட் எடுத்துவிடுங்கள். பள்ளியைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று ஒரு மத்தியச் சட்டம் உண்டு. அந்த மாநிலமே தந்த பெர்மிட் இருந்தால் அதற்கு விலக்கு கிடைக்கும். பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடும் பெற்றோருக்கு இது சின்ன விஷயமில்லை. அண்டை மாநிலங்களுக்குக் காரில் போகும்போதும் பெர்மிட் உதவும், எல்லா இடத்திலும் அல்ல. இல்லினாய் வேறு மாநில பெர்மிட்டை ஏற்பதில்லை. நியூ ஜெர்சியில் ஹாலோ பாயிண்ட் தோட்டாக்களுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது.

கோயிலுக்கு எடுத்துப் போகலாமா?

2019 முதல் டெக்சாஸில் வழிபாட்டுத் தலங்களும் மற்ற தனியார் இடங்களைப் போலத்தான். நிர்வாகம் வேண்டாம் என்றால் முறைப்படி அறிவிக்க வேண்டும். பெர்மிட் வைத்திருப்பவர்களுக்கான பலகையில் 30.06 என்ற சட்ட எண் இருக்கும். அது இருந்தால் உள்ளே கொண்டு போகாதீர்கள். மது விற்பனையே பிரதான வருமானமாக உள்ள இடத்தில் 51 சதவீதம் என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும், அங்கேயும் கூடாது. மத்திய அரசு அலுவலகங்களுக்குள் எந்த மாநிலத்திலும் கூடாது. கைரேகை கொடுக்கக் குடியேற்ற அலுவலகத்துக்குப் போகும் அன்று துப்பாக்கியை வீட்டிலேயே பூட்டி வையுங்கள்.

சரி, எந்த ரிவால்வர்?

இந்த வகையின் மூதாதை என்று 1927-ல் வந்த கோல்ட் டிடெக்டிவ் ஸ்பெஷலைச் சொல்லலாம், ஆறு தோட்டா. இன்று அதிகம் பேர் பேன்ட் பையில் இருப்பதோ ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஜே-ஃபிரேம், அதாவது அவர்களின் சின்ன அளவு ரிவால்வர் வரிசை. 1950-ல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் நடந்த போலீஸ் தலைவர்கள் மாநாட்டில் அறிமுகமானதால் முதல் மாடலுக்குச் சீஃப்ஸ் ஸ்பெஷல் என்றே பெயர் வைத்தார்கள். ஐந்து தோட்டா, இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான குழல். அளவு இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

முதல்முறை வாங்குகிறவர் இரண்டைப் பார்த்தால் போதும். ஒன்று ஸ்மித் 642: அலுமினிய உடல், சுமார் 410 கிராம், .38 ஸ்பெஷல் என்ற அளவுத் தோட்டா. இன்னொன்று 2009-ல் வந்த ரூகர் எல்சிஆர்: இன்னும் லேசு, 385 கிராம் அளவில். எல்சிஆரின் ட்ரிகர் கடையிலிருந்து வரும்போதே வழுக்கிக்கொண்டு வரும். 642-ன் ட்ரிகர் பழகப் பழகத்தான் இளகும். பையில் உட்காரும் அழகில் 642 ஒரு படி மேல். இரண்டையும் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

இடுப்பில்தான் அணிவேன் என்றால், எஃகு உடலில் ரூகர் எஸ்பி101, கிம்பர் கே6எஸ், ஸ்மித் 640 என்று கொஞ்சம் கனமானவை இருக்கின்றன. எஸ்பி101 முக்கால் கிலோவை நெருங்கும். அந்தக் கனம் பெல்ட்டில்தான் தெரியும். சுடும்போது அதுவே உதைப்பை விழுங்கிக்கொள்ளும்.

ரொம்ப லேசானது நல்லதுதானே?

கடை மேஜையில் நல்லதுதான். ஸ்காண்டியம் கலந்த உடலோடு 330 கிராம் அளவில் .357 மேக்னம் ரிவால்வர்கள் விற்கிறார்கள் (.38-ஐவிட வலுவான தோட்டா). அதில் முழு வேக மேக்னம் தோட்டாவைப் போட்டு ஒரு சிலிண்டர் (தோட்டா அறைகள் உள்ள சுழலும் உருளை) முழுக்கச் சுட்டவர் இரண்டாவது சிலிண்டருக்குக் கை நீட்ட மாட்டார். உள்ளங்கை, கட்டைவிரல் அடி எல்லாம் மரத்துப்போகும். வலித்தால் பழக மாட்டீர்கள், பழகாவிட்டால் படாது. லேசான துப்பாக்கியில் இன்னொரு தொல்லையும் உண்டு: உதைப்பின் வேகத்தில், சுடாமல் மிச்சமிருக்கும் தோட்டாக்களின் முனை கூட்டிலிருந்து மெல்ல வெளியே நழுவி, சிலிண்டர் சுழல முடியாமல் சிக்கிக்கொள்ளும். ஐந்தாவது அறையில் ஒரே தோட்டாவை விட்டுவைத்து, மற்ற நாலையும் சுட்டு, அந்த ஒன்றின் நீளத்தைப் புதுத் தோட்டாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீண்டிருந்தால் அந்த பிராண்டு உங்கள் துப்பாக்கிக்கு ஆகாது.

.38 போதுமா, .357 வேண்டாமா?

இந்தக் குட்டிக் குழலில் .357-ன் கூடுதல் மருந்தில் பெரும்பகுதி வெளியே வந்து நெருப்பாகவும் சத்தமாகவும்தான் போகும். .38 போதும். .357 துப்பாக்கியில் .38 தோட்டாவைப் போடலாம், மாற்றிப் போடக் கூடாது.

தோட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஹாலோ பாயிண்ட் என்பது முனையில் குழி உள்ளது, உடலில் பட்டதும் விரிய வேண்டும். குட்டிக் குழலில் வேகம் குறைவதால் பல பிராண்டுகள் விரிவதே இல்லை. அதனால் குட்டிக் குழலுக்கென்றே செய்த ஸ்பீர் கோல்ட் டாட் 135 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) போன்றவற்றைப் பாருங்கள். உதைப்பு தாங்கவில்லை என்றால் வாட்கட்டர் என்ற தட்டை முனைத் தோட்டா போதும். அது விரியாது, ஆனால் மெதுவாக உதைக்கும், ஆழமாகப் போகும், குறி பிசகாது. பல அனுபவசாலிகள் பையில் வைத்திருப்பது அதைத்தான்.

பெண்களுக்கு ரிவால்வர்தான் ஏற்றது என்கிறார்களே?

இந்த அறிவுரைதான் எனக்கு எரிச்சல் மூட்டுவது. மனைவியைக் கடைக்கு அழைத்துப் போகாமலே, பிங்க் கைப்பிடி போட்ட 400 கிராம் ரிவால்வரை வாங்கி வந்து கையில் திணிப்பார்கள். அதன் ட்ரிகரை முழுதாக இழுக்க ஐந்து கிலோவுக்கும் மேல் விசை வேண்டும். துப்பாக்கியின் எடையே அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. விரல் இழுக்க இழுக்க மொத்தத் துப்பாக்கியும் பக்கவாட்டில் திரும்பும். அதற்கு மேல் உதைப்பு, வெடிச்சத்தம். முதல் நாளே "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லிவிடுவார். சொன்னதில் தப்பே இல்லை.

அவரே வந்து, அவர் கையில் பிடித்து, அவர் விரலால் இழுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். நடுத்தர அளவு பிஸ்டல்தான் சுட எளிது என்று பலர் கண்டுகொள்வார்கள். பிஸ்டலின் ஸ்லைடை, அதாவது பின்னால் இழுத்துவிடும் மேல்பாகத்தை, இழுக்க முடியாத அளவுக்கு மூட்டுவலி உள்ளவர்களுக்கு ரிவால்வர் நிஜமாகவே வசதி. அவர்களுக்கு .32 எச் அண்ட் ஆர் மேக்னம் என்ற சின்னத் தோட்டா பொருத்தமானது. 2024 ஜனவரியில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வெளியிட்ட 432 யூசி, 632 யூசி இரண்டும் அந்த வகை. உதைப்பு குறைவு, அதே உடலில் ஆறு தோட்டா.

அப்படியானால் பிஸ்டலை விட்டு ரிவால்வர் எதற்கு?

நியாயமான கேள்வி. 2018-ல் வந்த சிக் பி365 கிட்டத்தட்ட இதே அளவில் 10 தோட்டா கொள்ளும் மேகசினோடு வந்தது. எண்ணிக்கையில் ரிவால்வர் தோற்றுவிட்டது, அதில் விவாதமே வேண்டாம்.

ரிவால்வர் மிஞ்சுவது மிக நெருக்கமான இடத்தில். ஒருவர் மேலே விழுந்து அமுக்கும்போது பிஸ்டலின் முனை அவர் உடலில் அழுந்தினால் ஸ்லைடு பின்னால் தள்ளப்பட்டுச் சுட மறுக்கலாம். ரிவால்வருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. பேன்ட் பையில் வைத்த உருண்டைக் கைப்பிடியைச் சந்தேகம் வராமல் முன்கூட்டியே பிடித்துக்கொண்டு நிற்கலாம். பார்க்கிறவருக்குப் பையில் கைவிட்டு நிற்கும் ஆள், அவ்வளவுதான். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி ட்ரிகரை இழுத்தால் அடுத்தது வரும். எப்போதும் சிக்காது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். ரிவால்வர் சிக்குவது அபூர்வம். சிக்கினால் அந்த இடத்தில் சரிசெய்ய முடியாது, பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

ஹாமர் (தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் சுத்தியல்) வெளியே தெரியும் மாடலா, உள்ளே மறைந்ததா?

பையில் வைப்பதென்றால் உள்ளே மறைந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கி, எடுக்கும்போது துணியில் மாட்டும்.

ஐந்து அறையிலும் தோட்டா போடலாமா? ஒன்றைக் காலியாக விடச் சொன்னார் என் மாமா.

உங்கள் மாமா சொன்னது பழைய கௌபாய் காலத்து ரிவால்வருக்குச் சரி. அதில் ஹாமர் நேராகத் தோட்டாவின் அடியில் உட்கார்ந்திருக்கும், கீழே விழுந்தால் வெடிக்கும். இன்றைய ஸ்மித், ரூகர் எல்லாவற்றிலும் ட்ரிகரை முழுதாக இழுத்தால் ஒழிய ஹாமரின் அடி தோட்டாவுக்குப் போய்ச் சேராத அமைப்பு உள்ளே இருக்கிறது. ஐந்தையும் போடலாம்.

எங்கே, எப்படி வைத்துக்கொள்வது?

முன்பக்கப் பேன்ட் பைதான் இந்தத் துப்பாக்கியின் சொந்த வீடு. ஆனால் வெறும் பையில் போடக் கூடாது. ட்ரிகரை முழுதாக மூடும் பாக்கெட் ஹோல்ஸ்டர், அதாவது பைக்குள் வைக்கும் உறை, வேண்டும். துப்பாக்கியை எடுக்கும்போது ஹோல்ஸ்டர் பையிலேயே தங்க வேண்டும். கூடவே வெளியே வந்தால் அது உதவாது. அந்தப் பையில் சாவி, சில்லறை, பேனா எதுவும் இருக்கக் கூடாது. துப்பாக்கி அங்கே வந்துவிட்டால் அந்தப் பை உங்களுடையது இல்லை.

காக்கி பேன்ட், ஃபார்மல் பேன்ட்டில் உருவம் தெரியாது. இறுக்கமான ஜீன்ஸில் தெரியும், எடுக்கவும் வராது. காரில் சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்தால் எந்தப் பேன்ட்டிலும் எடுப்பது கஷ்டம். குர்த்தா, சல்வார் அணிகிறவர்களுக்குப் பை இருக்காது. வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை உண்டு, ட்ரிகரை மூடும் கெட்டியான உறை அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கைப்பையை நான் ஆதரிப்பதில்லை. பிடுங்கிக்கொண்டு ஓடினால் துப்பாக்கியும் சேர்ந்து போகும். நண்பர் வீட்டு சோபாவில் வைத்தால் குழந்தைகள் குடைவார்கள்.

கணுக்கால் ஹோல்ஸ்டர் கேட்பவர்களுக்கு: நம் வீடுகளில் செருப்பைக் கழற்றித் தரையில் சம்மணம் போட்டு உட்காருகிறோம். அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

பையில் பஞ்சும் தூசியும் சேரும், ஹூஸ்டன் வெயிலில் வியர்வையும் சேரும். வாரம் ஒருமுறை தோட்டாவை எடுத்துவிட்டு, குழலில் வெளிச்சம் அடித்துப் பார்த்துத் துடைத்து வையுங்கள்.

எப்படிப் பழகுவது?

வீட்டில் காலித் துப்பாக்கியோடுதான் முக்கால்வாசிப் பழக்கம். சிலிண்டரைத் திறந்து, ஐந்து துளையையும் கண்ணால் பார்த்து, விரலால் தடவி உறுதி செய்யுங்கள். தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. பாதுகாப்பான சுவரில் ஒரு புள்ளியைக் குறிவைத்து, நிறுத்தாமல் ஒரே சீராக ட்ரிகரை இழுங்கள். ஹாமர் விழும்போது, குழல் முனையில் குறிபார்க்க வைத்திருக்கும் முன்குறி அசையாமல் இருக்க வேண்டும். குழல் மேல் ஒரு நாணயத்தை வைத்து அது விழாமல் இழுக்கப் பழகுவது நல்ல பயிற்சி. வெடிக்காத பயிற்சித் தோட்டா ஐந்து போட்டுக்கொண்டால் இயந்திரத்துக்கும் நல்லது.

ரேஞ்சில் மூன்று கஜத்தில் தொடங்கி ஐந்து, ஏழு என்று போங்கள். இந்த ரிவால்வர்களின் முன்குறி கறுப்பாக, கண்ணுக்கே தெரியாமல் இருக்கும். பளிச்சென்ற ஆரஞ்சு நகப்பாலிஷை அதன் மேல் தடவினால் வித்தியாசம் உடனே தெரியும், செலவும் இல்லை. கட்டைவிரலை முன்னால் நீட்டிப் பிடிக்காதீர்கள். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்கிலிருந்து சூடான வாயு பீறிட்டு விரலைக் கிழிக்கும்.

திரும்பத் தோட்டா போடும்போது குழலை வானம் பார்க்கத் தூக்கி, வெளியேற்றும் கம்பியை உள்ளங்கையால் ஒரே அடியாக அடியுங்கள். மெதுவாகத் தள்ளினால், குட்டிக் கம்பி என்பதால் ஒரு காலிக்கூடு, கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டுக்கு அடியில் நழுவி எல்லாவற்றையும் முடக்கிவிடும். உதிரித் தோட்டாவுக்குத் தட்டையான ரப்பர் பட்டை, அதாவது ஸ்பீட் ஸ்ட்ரிப், பர்ஸ் போலப் பையில் படுத்துக்கொள்ளும். வட்டமான ஸ்பீட்லோடர் வேகம், ஆனால் புடைக்கும்.

ரேஞ்சிலிருந்து வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அப்புறம் குழந்தையைத் தூக்குங்கள். தோட்டாப் புகையில் ஈயம் இருக்கிறது.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உங்கள் உடம்பில் இல்லாத நேரத்தில் துப்பாக்கி பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். உயரமான அலமாரி, மெத்தைக்கு அடி, துணிக்கு நடுவே, எதுவும் பூட்டுக்குச் சமமில்லை. "ட்ரிகர் கனம், குழந்தையால் இழுக்க முடியாது" என்பதையும் நம்பாதீர்கள். இரண்டு கட்டைவிரலாலும் சேர்த்து இழுத்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கும் மேல் தற்கொலை. வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு இருந்தால், வேலை போய் இடிந்து உட்கார்ந்திருந்தால், அது நீங்களே ஆனாலும், இப்போது வாங்க வேண்டாம். ஏற்கெனவே இருந்தால் வீட்டைவிட்டு வெளியே பத்திரமான இடத்துக்கு மாற்றுங்கள். தற்கொலைத் தடுப்பு உதவிக்கான 988 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம்.

எப்போது எடுக்கலாம்?

உயிருக்கோ உடலுக்குப் பெரும் கேட்டுக்கோ அந்தக் கணமே ஆபத்து, வேறு வழியில்லை என்று நியாயமாகத் தோன்றினால். சில மாநிலங்களில் விலகிப் போக முடிந்தால் போயே ஆக வேண்டும், சிலவற்றில் கட்டாயமில்லை. பார்க்கிங் சண்டையில் மிரட்டுவதற்காக எடுத்துக் காட்டினால் குற்ற வழக்கு உங்கள் மேல்தான். கிரீன் கார்டுக்காரருக்கு அதோடு நாடு கடத்தும் அபாயமும் சேரும். இடுப்பில் துப்பாக்கி இருக்கும் நாளில் யார் ஹாரன் அடித்தாலும் கேட்காதவர் மாதிரி போய்விடுங்கள்.

போலீஸ் வண்டியை நிறுத்தினால் இரண்டு கையும் ஸ்டியரிங் மேல். மிச்சிகன் போன்ற மாநிலங்களில், கேட்பதற்கு முன்பே துப்பாக்கி இருப்பதை நீங்கள் சொல்லியாக வேண்டும்.

ஊரில், தமிழ்நாட்டில், இப்படி வாங்க முடியுமா?

இந்தியாவில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசன்ஸ் வேண்டும். மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ தர வேண்டும், லேசில் தர மாட்டார்கள். கிடைத்தாலும் பெரும்பாலும் .32 வகைதான். கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 2014-ல் பெண்களுக்கென்று நிர்பீக் என்ற லேசான .32 ரிவால்வரை வெளியிட்டது. இங்கே வாங்கியதை அங்கே கொண்டு போகும் எண்ணமே வேண்டாம்.

விமானத்தில் போகும்போது?

அமெரிக்காவுக்குள் என்றால், தோட்டா இல்லாமல், பூட்டிய கெட்டிப் பெட்டியில், கவுண்டரில் சொல்லிவிட்டு, செக்-இன் லக்கேஜில். கைப்பையில் மறந்து கொண்டு போகிறவர்களுக்குக் குறைவே இல்லை. 2023-ல் மட்டும் நாடு முழுக்க விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகளைப் பிடித்தார்கள், பெரும்பாலும் தோட்டாவோடு.

இந்தியாவுக்குப் போகும்போது துப்பாக்கி வேண்டாம், ஒரே ஒரு தோட்டா மடிப்பில் ஒளிந்திருந்தாலே போதும், ஆயுதச் சட்டத்தில் வழக்கு. ரேஞ்சுக்கு எடுத்துப் போன முதுகுப்பையையே ஊருக்கும் எடுத்துப் போய், ஸ்கேனரில் அது தெரிந்து, பயணம் நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள். தெரியாமல் இருந்தது என்று டெல்லி உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட பல வழக்குகளை ரத்து செய்திருக்கிறது. ஆனால் அதற்குள் விடுமுறை முழுக்கப் போலீஸ் ஸ்டேஷனிலும் வக்கீல் அலுவலகத்திலும் கழிந்துவிடும். ரேஞ்சுக்கென்று ஒரு பையைத் தனியாக ஒதுக்கி, அதை கராஜிலேயே தொங்கவிடுங்கள்.